நெருப்புக்கு அந்நியன்: தெரியுமா உங்களுக்கு?

உங்கள் வீட்டுச் சமையல் மேடை கறுப்பு கிரானைட்டா? அப்படியானால் முதல் அதிர்ச்சியை இப்போதே வாங்கிக்கொள்ளுங்கள். அது கிரானைட்டே இல்லை! கடைக்காரர் ஏமாற்றவில்லை. கல் வியாபாரத்தில், பாலிஷ் ஏறும் கெட்டிக் கல் எதுவானாலும் அதற்குப் பெயர் கிரானைட். ஆனால் விழுப்புரம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வெட்டிவரும் கன்னங்கரேல் கல்லைப் புவியியல்காரர்கள் டோலரைட் என்பார்கள். பழைய பாறையின் வெடிப்புக்குள் பாறைக்குழம்பு புகுந்து, சுவர் எழுப்பியது போல அப்படியே உறைந்துபோன கல் அது. தோசைக்கல்லை இறக்கி வைக்கிற இடத்தில் குனிந்து, செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் பொடிக் குச்சிகள் தெரியும், அவை ஃபெல்ஸ்பார். குச்சிகளுக்கு நடுவே கறுப்பாக அடைத்துக்கொண்டிருக்கிறதே, அதில் பெரும்பங்கு யார் தெரியுமா? ஆகைட்!

யார் இந்த ஆகைட்? பைராக்சீன் என்ற கனிமக் குடும்பத்தில் எங்கும் தட்டுப்படும் ஆள். பூமியின் மேலோட்டில் கன அளவில் சுமார் 11 விழுக்காடு இந்தக் குடும்பத்துக்குத்தான் சொந்தம். பட்டாணி அளவு தங்கத்தை எத்தனை தூரத்திலிருந்தும் கண்டுபிடித்துவிடுகிற நாம், பூமித் தோலில் பத்தில் ஒரு பங்காகக் கிடக்கிற இதைப் பார்த்தும் பார்க்காமல் அதன்மேல் வெங்காயம் நறுக்குகிறோம்.

பெயர் வந்த கதை இன்னும் கூத்து. 1792-இல் ஜெர்மனியின் ஆப்ரகாம் வெர்னர் இதற்கு ஆகைட் என்று பெயர் சூட்டினார். கிரேக்கத்தில் 'ஆகே' என்றால் ஒளி, பிரகாசம். கல்லை எடுத்துப் பார்த்தால்? பெரும்பாலும் துடைக்காத சிலேட்டு மாதிரி மங்கிய கறுப்பு! நான்கே ஆண்டுகளில், 1796-இல், பாரிஸில் ரெனே ஜுஸ்ட் ஆயுய் தன் பங்குக்கு ஒரு பெயர் வைத்தார்: பைராக்சீன். 'பைர்' நெருப்பு, 'க்ஸெனோஸ்' அந்நியன். எரிமலைக் கல்லுக்குள் முழுசாக வளர்ந்த படிகங்கள் பதிந்திருப்பதைப் பார்த்தவர், இவை குழம்பில் பிறந்தவையாக இருக்க முடியாது, வரும் வழியில் எங்கோ ஒட்டிக்கொண்டு வந்தவை என்று முடிவுகட்டிவிட்டார். நடப்பது நேர்மாறு. குழம்பு ஆறத் தொடங்கியதுமே முதல் வரிசையில் உறைகிற கனிமங்களில் இதுவும் ஒன்று. எரிமலை வாய் திறப்பதற்குள் உள்ளேயே வளர்ந்து ஆளாகிவிடுகிறது. நெருப்பு பெற்ற பிள்ளைக்கு 'நெருப்புக்கு அந்நியன்' என்று பெயர்!

வெர்னர் மட்டும் சளைத்தவரா? பசால்ட் பாறை எரிமலையில் வந்ததல்ல, ஆதிகாலக் கடல்நீரில் படிந்து உண்டானது என்று வாழ்நாள் முழுக்கச் சாதித்தவர் அவர். அந்தப் பசால்ட்டின் உயிர்நாடியான கனிமத்துக்குத்தான் பெயர் வைத்தார். இரண்டு மேதைகள், இரண்டு பெயர்கள், இரண்டும் பொருந்தவில்லை. 200 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் உலகம் இரண்டையும் விடவில்லை.

ஆயுய் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் நகர மனமில்லை. அவர் ஒரு பாதிரியார். கைதவறி விழுந்து உடைந்த கால்சைட் படிகத்தின் துண்டுகள் எல்லாம் ஒரே வடிவத்தில் இருப்பதைப் பார்த்துப் படிகவியல் என்ற துறைக்கே அடித்தளம் போட்டவர். பிரெஞ்சுப் புரட்சியில் 1792-இல் பிடித்து அடைத்தார்கள். ஒரு மாணவர் ஓடியாடி அவரை வெளியே எடுத்தார். சில நாள் தாமதித்திருந்தால் செப்டம்பர் படுகொலைகளில் தலை தப்பியிருக்காது. அவருடைய தம்பி வாலென்தேன் பாரிஸில் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளியில்தான் பின்னாளில் லூயி பிரெய்ல் படித்தார் என்றால் நம்புவீர்களா?

சரி, விஷயத்துக்கு வருவோம். கையில் ஒரு கல், அதில் ஒரு கறுப்புப் பொட்டு. அது ஆகைட்தானா? எப்படிச் சொல்வது?

நிறத்தை நம்பினால் கெட்டோம்! பாறைக்குள் நான்கைந்து பேர் ஒரே கறுப்புச் சட்டையோடு நிற்கிறார்கள். கறுப்பு மைக்கா என்றால் ஊசி முனை பட்டதும் ஏடு ஏடாக உரிந்து காட்டிக்கொடுத்துவிடும். மேக்னடைட்டைக் காந்தம் இழுத்துக்கொள்ளும். டூர்மலினுக்கு உடம்பெல்லாம் நீளவாக்கில் வரி, குறுக்குவெட்டில் உப்பிய முக்கோணம், கண்ணாடியைச் சர்ரென்று கீறும். இந்த மூவரும் லேசில் சிக்கிவிடுவார்கள். சிக்காத ஆசாமி ஒருவன் உண்டு: ஹார்ன்பிளெண்ட். ஆம்ஃபிபோல் என்ற பக்கத்து வீட்டுக் குடும்பம். நிறம் அதே, எடை ஏறக்குறைய அதே, கடினமும் கிட்டத்தட்ட அதே. ஆகைட்டின் கடினம் மோஸ் அளவையில் 5.5 முதல் 6; பேனாக்கத்தியால் கீறினால், விழுந்தது கீறலா, கத்தி விட்டுப்போன இரும்புக்கோடா என்று இரண்டு பேர் சண்டை போடலாம். ஹார்ன்பிளெண்டுக்கும் இதே சண்டைதான். புவியியல் முதலாண்டு மாணவர்கள் செய்முறைத் தேர்வில் வழுக்கி விழுகிற இடம் இது.

ரகசியம் மூலையில் இருக்கிறது! கனிமங்கள் கண்டபடி உடைவதில்லை. தமக்குள் பிடிப்பு குறைந்த தளங்களில் பிளக்கின்றன. ஆகைட்டுக்கு அப்படி இரண்டு தளங்கள். இரண்டும் சந்திக்கும் கோணம் 87 பாகை, மறுபக்கம் 93. கொத்தனார் மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் "லேசா விலகுது, பூச்சுல சரியாயிடும்" என்பார். ஹார்ன்பிளெண்டுக்கும் இரண்டு தளங்கள்தான். ஆனால் கோணம் 56, மறுபக்கம் 124!

தீபாவளித் தட்டை மனதில் கொண்டுவாருங்கள். சதுரமாக வெட்டிய மைசூர்பாகு ஆகைட். சாய்த்து வெட்டிய முந்திரி கத்லி ஹார்ன்பிளெண்ட். அவ்வளவுதான் பாடம். மைசூர்பாகு மூன்று பாகை கோணலாக இருப்பது வெறும் கண்ணுக்குத் தெரியாது, கவலையும் இல்லை. முந்திரி கத்லியை மைசூர்பாகு என்று நினைக்கிறவர் இருக்க முடியுமா? பத்து மடங்கு பெரிதாக்கும் ஒரு சின்ன லென்ஸ் போதும். கல்லைத் திருப்பித் திருப்பி வெளிச்சத்தில் காட்ட வேண்டும். ஒரு முகம் பளிச்சிட்டு அணையும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் அடுத்த முகம். எவ்வளவு திருப்பினோம் என்று விரல் சொல்லிவிடும்.

இன்னும் சில துப்புகள் உண்டு. முழுப் படிகம் கிடைத்தால் ஆகைட் குட்டை, தடி உருவம். குறுக்கே எட்டுப் பக்கம். ஹார்ன்பிளெண்ட் ஒல்லி, உயரம்; ஆறு பக்கம். பிளந்த முகத்தில் ஹார்ன்பிளெண்ட் எண்ணெய் தடவிய தலைமுடி போல மினுக்கும். ஆகைட்டுக்கு அந்த மினுக்கு குறைவு, முகமும் சின்னச் சின்னப் படிக்கட்டாக இருக்கும். முழுப் படிகத்துக்கு எங்கே போவது என்கிறீர்களா? இத்தாலிக்குப் போக வேண்டும்! எட்னா எரிமலையின் 1669 வெடிப்பில் எழுந்த மோன்டி ரோஸ்ஸி குன்றில், எரிமலைச் சாம்பலுக்குள் ஆகைட் படிகங்கள் தனித்தனியாக உதிர்ந்து கிடக்கும். பொறுக்கினால் போதும், உடைக்கக்கூட வேண்டாம். உலக மியூசியங்கள் பலவற்றில் இருப்பவை அப்படிப் பொறுக்கியவைதான்.

ஒன்று சதுரமாகவும் மற்றது சாய்வாகவும் ஏன் பிளக்க வேண்டும்? கேட்டால் வாய் பிளப்பீர்கள். உள்ளே பூச்சரம் இருக்கிறது! ஒரு சிலிக்கான் அணுவைச் சுற்றி நான்கு ஆக்சிஜன். அது ஒரு பூ. பைராக்சீனில் ஒவ்வொரு பூவும் இருபக்கமும் ஒவ்வோர் ஆக்சிஜனைப் பங்குபோட்டுக்கொண்டு ஒற்றைச் சரமாகக் கோத்து நிற்கிறது. ஆம்ஃபிபோலில் இரண்டு சரங்களைச் சேர்த்துக் கட்டிய இரட்டைச் சரம். அடுக்கி வைத்த சரங்களைப் பிளக்கும்போது வெடிப்பு சரத்தை அறுக்காது, சரங்களுக்கு நடுவே வளைந்துதான் போகும். ஒற்றைச் சரம் குறுகல் என்பதால் பாதை கிட்டத்தட்டச் செங்கோணம். இரட்டைச் சரம் அகலம் என்பதால் பாதை படுத்துச் சாய்ந்துவிடுகிறது. கண்ணால் பார்க்க முடியாத அணுக்களின் அகலத்தை, உடைந்த கல்லின் மூலையில் விரலால் தொட்டுப் பார்க்கிறீர்கள்! இந்தச் சரத்தை எக்ஸ்-கதிர் கொண்டு 1928-இல் கண்டுபிடித்தவர்கள் வாரனும் லாரன்ஸ் பிராக்கும். எடுத்துக்கொண்டது டயாப்சைட் என்னும் பைராக்சீனை. தந்தையோடு சேர்ந்து நோபல் வாங்கும்போது இந்த பிராக்குக்கு வயது 25. அறிவியல் நோபலில் அவரைவிட இளையவர் இன்றுவரை கிடையாது.

ஆனால் ஆள்மாறாட்டமும் நடக்கும், ஜாக்கிரதை! சில பாறைகளில் பைராக்சீனுக்குள் நீர் புகுந்து, உள்ளே முழுவதும் ஆம்ஃபிபோலாக மாறிவிடும். வெளித்தோற்றம் மட்டும் பழைய எட்டுப் பக்கம். முதலில் யூரல் மலையில் பிடிபட்டதால் யூரலைட் என்று பெயர். மைசூர்பாகு டப்பாவுக்குள் முந்திரி கத்லி!

இந்த மாதிரி வழக்குகளுக்கு நுண்ணோக்கிதான் நீதிமன்றம். கல்லை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்க்க வேண்டும். நோட்டுப் புத்தகத் தாளில் மூன்றில் ஒரு பங்கு. அந்த மெலிவில் கன்னங்கரேல் ஆகைட் என்ன ஆகிறது தெரியுமா? வெளிர்பழுப்புக் கண்ணாடி! 1849-இல் இப்படி முதலில் கல்லைத் தேய்த்துப் பார்த்த இங்கிலாந்தின் ஹென்றி சார்பியை, மலையை யாராவது மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்களா என்று சிரித்தார்கள். சிரித்தவர்களின் பெயர் இன்று யாருக்கும் நினைவில்லை. இரண்டு முனைவாக்கிகளைக் குறுக்காக வைத்துப் பார்த்தால் அதே ஆகைட் நீலம், மஞ்சள், ஆரஞ்சு என்று ஜொலிக்கும். நுண்ணோக்கி மேடையைச் சுழற்றினால் அணைந்து அணைந்து எரியும். பிளவுக்கோட்டிலிருந்து 40 பாகைக்கு முன்பின் சாய்ந்து அணைந்தால் ஆகைட். கோட்டுக்கு நேராகவே அணைந்தால் அதன் ஒன்றுவிட்ட சகோதரன் ஹைப்பர்ஸ்தீன். அந்தச் சகோதரனுக்கு இன்னொரு வித்தையும் தெரியும். சாதா முனைவாக்கிய ஒளியில் திருப்பத் திருப்ப இளஞ்சிவப்பிலிருந்து இளம்பச்சைக்கு மாறிக்கொண்டே இருப்பான். இவனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வருவான்.

கையில் கல்லே இல்லாமல் பைராக்சீனைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியும், அதுவும் கோடிக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி! பைராக்சீனில் உள்ள இரும்பு, அகச்சிவப்பு ஒளியில் 1 மைக்ரான் அருகிலும் 2 மைக்ரான் அருகிலும் இரண்டு வாய் கடித்து விழுங்கிவிடும். நிறமாலையில் அந்த இரண்டு பள்ளங்களைப் பார்த்தால் பைராக்சீன் என்று எழுதிக்கொள்ளலாம். 1970-இல் மக்கார்ட், ஆடம்ஸ், ஜான்சன் என்ற மூவர் வெஸ்டா குறுங்கோளின் ஒளியில் இந்தப் பள்ளத்தைப் பார்த்தார்கள். அது பூமியில் விழுந்த ஒருவகை விண்கற்களோடு அச்சாகப் பொருந்தியது. 2011-இல் டான் விண்கலம் நேரில் போய் வட்டமடித்து ஆமாம் என்றது. நம் சந்திரயான்-1 சுமந்து சென்ற நாசாவின் கருவி ஒன்று நிலாவின் பாறைகளை வரைபடம் போட்டதும் இதே பள்ளங்களை வைத்துத்தான். அண்ணாந்து பார்த்தால் நிலாவில் பாட்டி வடை சுடும் கறுப்புத் திட்டுகள் தெரிகின்றனவே, அவை உறைந்த பசால்ட் சமவெளிகள். பாட்டியின் உடம்பெல்லாம் பைராக்சீன்!

வெஸ்டா கல் நம் ஊரிலும் விழுந்திருக்கிறது. 1850-இல் வங்காளத்தின் பாங்குரா பகுதியில் ஷால்கா என்ற இடத்தில் விழுந்த விண்கல் ஏறக்குறைய முழுக்க பைராக்சீன். 1865 ஆகஸ்ட் 25 அன்று பீகாரின் ஷெர்காட்டியில் 5 கிலோ எடையில் ஒரு கல் விழுந்தது. அதன் பெரும்பகுதியும் பைராக்சீன். ஆனால் அது வெஸ்டா அல்ல, செவ்வாய்! அதே ரகத்துக் கல் ஒன்று அண்டார்டிகாவில் கிடைத்தது. அதற்குள் சிறைப்பட்டிருந்த வாயுவை அளந்தபோது, வைக்கிங் கலங்கள் 1976-இல் செவ்வாயில் அளந்த காற்றோடு அது ஒத்துப்போனது. இன்று உலகெங்கும் இந்த வகைச் செவ்வாய்க் கற்களுக்கு ஷெர்காட்டைட் என்றே பெயர். பீகாரில் ஒரு சிற்றூர், செவ்வாய்க் கிரகப் பாறைக்குப் பெயர் கொடுத்திருக்கிறது! 1911-இல் எகிப்தின் நக்லாவில் விழுந்த செவ்வாய்க் கல்லில் முக்கால்வாசிக்கு மேல் நம் ஆகைட்டேதான். அது ஒரு நாயின் மேல் விழுந்து நாயைச் சாம்பலாக்கியது என்று ஒரு கதை உலாவுகிறது. நம்பாதீர்கள், ஆதாரம் இல்லை. 1996-இல் அமெரிக்க அதிபர் கிளின்டன் மைக் முன்னால் வந்து செவ்வாயில் உயிர்த் தடயம் இருக்கலாம் என்று பேசக் காரணமான கல்லும், 90 விழுக்காட்டுக்கு மேல் பைராக்சீன்தான். 2012-இல் கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாயில் ஒரு பிடி மண்ணை அள்ளி, வேறொரு கோளில் முதன்முறையாக எக்ஸ்-கதிர்ச் சோதனை செய்தது. வந்த பட்டியலில் ஃபெல்ஸ்பார், ஆலிவின், அப்புறம் ஆகைட்! உங்கள் சமையல் மேடைக் கறுப்பு அங்கேயும்.

மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள், இன்னும் இருக்கிறது. பச்சைக் கல்லான ஜேடு ஒரே கல் என்று பல நூற்றாண்டுகள் நினைத்திருந்தார்கள். 1863-இல் பிரான்சின் டமூர், அது இரண்டு கல் என்று உடைத்துச் சொன்னார். பர்மாவிலிருந்து வருவது ஜேடைட், அது பைராக்சீன். சீனர் ஆதிகாலம் தொட்டுச் செதுக்கியது நெஃப்ரைட், அது ஆம்ஃபிபோல்! பழைய மைசூர்பாகு, முந்திரி கத்லி குழப்பமேதான், அரண்மனை விலையில். செல்போன் பேட்டரிக்கு வேண்டிய லித்தியம் தருகிற ஸ்போடுமீனும் பைராக்சீன்தான். அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஒரே ஸ்போடுமீன் படிகம் 14 மீட்டர் நீளத்துக்குக் கிடைத்தது. நான்கு மாடி உயரம்! மற்றவற்றை விடுங்கள், குடும்பம் பெரிது.

இப்போது அந்த நிறம் மாறும் சகோதரன். அவனைத் தேடி ஒரு கல்லறைக்குப் போக வேண்டும். 1690-இல் இன்றைய கொல்கத்தா இருக்கும் இடத்தில் கால் ஊன்றிய கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக். கொல்கத்தாவை நிறுவியவர் என்று நெடுங்காலம் பாடப்புத்தகம் சொன்னது; 2003-இல் கல்கத்தா உயர்நீதிமன்றம் அந்தப் பட்டத்தைப் பறித்துவிட்டது. ஆனால் இன்னொரு பட்டத்தை யாராலும் பறிக்க முடியாது. கொல்கத்தா புனித ஜான் தேவாலயத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. அந்தக் கல்லறைக் கல் வங்காளத்துக் கல் அல்ல; சென்னையிலிருந்து போன கல். ஏறத்தாழ 200 ஆண்டுகள் கழித்து, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தாமஸ் ஹாலண்ட் அதை ஆராய்ந்தார். கிரானைட் போலத் தெரிகிறது, ஆனால் உள்ளே ஹைப்பர்ஸ்தீன்! பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் கல்லும் அதுவே. 1893-இல் அந்தப் பாறைக்குச் சார்னாக்கைட் என்று பெயர் வைத்தார். அண்டார்டிகாவில் அந்தப் பாறை கிடைத்தாலும் இன்று அதே பெயர்தான். ஒரு மனிதரின் கல்லறைக் கல்லே அவர் பெயரைத் தாங்கிய பாறையாகிவிட்டது. இப்படி ஓர் அதிர்ஷ்டம் வேறு யாருக்கு வாய்த்தது?

கிரானைட்டில் பைராக்சீன் இருந்தால் என்ன அதிசயம்? சாதாரண கிரானைட்டில் இருப்பது மைக்காவும் ஹார்ன்பிளெண்டும். இரண்டும் தம் உடம்புக்குள் நீரைக் கட்டிவைத்திருப்பவை. பூமிக்குள் 20 கிலோமீட்டருக்கும் கீழே, 700 பாகை செல்சியஸுக்கும் மேலே வெந்தால் அந்த நீர் வெளியேறிவிடும். மிஞ்சுவது ஹைப்பர்ஸ்தீன். ஆக, பரங்கிமலை ஒரு காலத்தில் பூமியின் அடிவயிற்றில் வெந்துகொண்டிருந்தது என்பதற்கு அந்தக் கறுப்புப் பொட்டே சாட்சி. நீலகிரி, சேர்வராயன், பழனி மலைகளும் இந்தக் கல்தான். ஏற்காட்டில் எலும்பு நடுங்கக் குளிரும்போது, காலுக்குக் கீழே இருப்பது அடுப்பிலிருந்து இறக்கிய கல் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு சோகம். 1988-இல் சர்வதேசக் கனிமவியல் சங்கம் பைராக்சீன் குடும்பத்தைக் கூட்டிப் பெருக்கி 20 பெயர்களை மட்டும் வைத்துக்கொண்டது. 105 பெயர்களைத் தூக்கி எறிந்தது. எறிந்தவற்றில் ஹைப்பர்ஸ்தீனும் ஒன்று! கனிமத்தின் அதிகாரபூர்வப் பெயர் போய்விட்டது, அதைக் கொண்டு அடையாளம் கண்ட பாறையின் பெயர் நிற்கிறது. பாறைக்காரர்கள் பலர் இன்னும் ஹைப்பர்ஸ்தீன் என்றுதான் சொல்கிறார்கள். எனக்கும் அதுதான் பிடித்திருக்கிறது. ஆகைட் போலப் பொருந்தாத பெயர் அல்ல அது. 'அதிக வலு' என்று பொருள். ஹார்ன்பிளெண்டைவிட வலுவானது என்று பிரித்துக் காட்ட வைத்தவரும் நம் ஆயுய்தான். ஒரு தடவையாவது சரியாகச் சொன்னார், அதையும் அடித்துவிட்டார்கள்.

சென்னைவாசிகள் இதற்காகக் கொல்கத்தா போக வேண்டாம். பரங்கிமலையின் சார்னாக்கைட்டை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்திருக்கிறது. மின்சார ரயிலும் போகிறது, மெட்ரோவும் போகிறது. லென்ஸ் கொண்டுபோங்கள். சுத்தியலை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். உடைத்துப் பார்க்கத்தான் தெருமுனையில் முக்கால் இன்ச் ஜல்லி கொட்டிக் கிடக்கிறதே.